வலம் திருகினால் கழலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சங்கிலி வாளால் அறுப்பர். பொறி மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாது நிற்றல் வேண்டும். கிளட்சின் சுருள்வில் தளர்ந்தால் சங்கிலி சுழன்றுகொண்டே இருக்கும். அறுப்பவரின் காலுக்கே தீங்கு நேரும்.

பழுதுநீக்குவோர் பொறியை நிறுத்தி ஆறவிடுவர்; சங்கிலியையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுவர். பிளக் இருந்த துளையில் கயிற்றைச் செலுத்திப் பிஸ்டனைத் தடுப்பர். ஓட்டத்தில் தானே கழலாதிருக்க, கிளட்சின் மரை பெரும்பாலும் இடப்புரியாக அமைந்திருக்கும். ஆதலின் கடிகார முள் சுழலும் திசையில் திருகினால்தான் அது கழலும். மாற்றித் திருகினால் மேலும் இறுகும்.

சொற்பொருள்: மரை – திருகுபுரி, தீங்கு – கேடு

வினா: கயிற்றைத் துளையில் செலுத்துவது ஏன்?