குலுக்கையில் விதை இருக்கு, முளைக்குமா?
பண்ணைப் பதிவுகளைக் காப்பதும் மீட்பதும்

குலுக்கையில் கிடக்கிற உளுந்தை நம்ம கரிசல் சம்சாரி அப்படியே அள்ளிப் புரட்டாசியில் விதைக்கிறதில்லை. நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வச்சு, எத்தனை முளைக்குதுன்னு பார்த்துக்கொள்வோம். 75-க்குக் குறைஞ்சா அந்த விதையை நம்புறதில்லை. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் சேர்த்து வைக்கிற பண்ணைப் பதிவுகளுக்கும் இதே சோதனை வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு இயற்கை விவசாயக் குழுவின் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நாங்கள் கடைப்பிடிக்கிறதை இங்கே எழுதுகிறேன்.

எதற்கு இவ்வளவு கவனம்?

சான்றோடு விற்பது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். என்.பி.ஓ.பி. என்னும் தேசியத் திட்டம் 2001-ல் வந்தது. 2010 முதல் அதன் விவரங்கள் 'ட்ரேஸ்நெட்' இணையதளத்தில் ஏறுகின்றன. ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 24 மாதம் மாறுகாலம். மானாவாரியில் நமக்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளாமைதான். அந்த 24 மாதத்தை மெய்ப்பிக்க முடியவில்லை என்றால், இரண்டு வெள்ளாமையின் கூடுதல் விலை போச்சு.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பிஞ்சையில் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிக்கிறார்கள். காற்று நம்ம பக்கம் வீசுது. ஆறு மாசம் கழிச்சு ஆய்வகத்தில் மருந்தின் எச்சம் தெரிஞ்சா, தடுப்பு வரப்பின் படமும் அன்றைய தேதிக் குறிப்பும்தான் நமக்குச் சாட்சி.

மருந்துத் துறையில் இது இன்னும் கடுமை. அமெரிக்காவில் மின்னணுப் பதிவுக்கென 1997-லேயே தனி விதி வந்துவிட்டது. பதிவை வைத்திருப்பது மட்டும் போதாது. வைத்திருக்க வேண்டிய காலம் முழுக்க, கேட்டதும் எடுத்துக் காட்ட முடியணும் என்கிறது அது. நம்ம சீமையின் அவுரியும் நித்தியகல்யாணியும் மருந்துக்குத்தான் போகின்றன. கேள்வி ஒருநாள் நம்ம பிஞ்சைக்கும் வரும்.

எது எப்படி அழியும்?

கடையில் தரும் வழவழப்பான பில் வெப்பத்தில் எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள். பென்டிரைவ் பல ஆண்டு சும்மா கிடந்தால் பதிவு சிதையலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும். படத்துக்குள் இருக்கும் தேதி, இட விவரமும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே வரும்.

கருவி பழசானாலும் பதிவு போச்சு. இங்கிலாந்தில் 1086-ல் நிலம், ஏர் கணக்கு எடுத்துத் தோலில் எழுதிய புத்தகத்தை இன்றும் வாசிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டுக்காக பி.பி.சி. 1986-ல் லேசர் தட்டில் செய்த தொகுப்பை, 15 ஆண்டிலேயே வாசிக்கக் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டுத்தான் மீட்டார்கள். நம்ம ஓலைச்சுவடிகளும் செல்லரிக்கும் முன்னே புது ஓலையில் எழுதி வைத்ததால்தான் பிழைத்தன.

நாங்கள் செய்வது

1. மூன்று பிரதி: நோட்டு ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு ஊரில் ஒரு உறுப்பினர் வீட்டு ஹார்டுடிஸ்கில் ஒன்று. மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரு மழை போதும்.

2. கோப்புப் பெயரில் ஆண்டு முதலில்: '2024-10-05 சர்வே எண் உளுந்து விதைப்பு'. தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும்.

3. எக்செல் கணக்கை ஆண்டு முடிவில் பி.டி.எஃப். ஆகவும் சேமிக்கிறோம். எந்த மென்பொருள் மாறினாலும் அதைத் திறக்க வழி இருக்கும்.

4. திருத்தினால் பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டுக் கையெழுத்து. வெள்ளை மை பூசுவதில்லை. கம்ப்யூட்டரிலும் பழைய கோப்பை அழிக்காமல் புதுப் பெயரில் சேமிக்கிறோம்.

5. கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியும். ஓ.டி.பி. வரும் எண்ணை மாற்றினால் அன்றே இணையதளத்திலும் மாற்றுகிறோம்.

"இணையதளத்தில் ஏத்தியாச்சே அண்ணாச்சி, நோட்டு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இணையதளம் கேட்ட விவரம் மட்டும்தான் அங்கே இருக்கும். பில், வயல் படம், மழைக் குறிப்பு எல்லாம் நம்மிடம்தான் இருக்கணும்.

முளைப்புச் சோதனை

தை அறுவடை முடிந்ததும் ஒருநாள் ஒதுக்குகிறோம். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு வயலைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதன் விதை பில், இடுபொருள் பதிவு, அறுவடை, விற்பனை நாலையும் வெளியூர்ப் பிரதியிலிருந்து மட்டும் திறந்து பார்க்கிறோம். நோட்டோடு ஒத்துப்போகணும். திறக்காத கோப்பை அன்றே மற்றப் பிரதியிலிருந்து நகல் எடுத்துவிடுவோம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஹார்டுடிஸ்கையே மாற்றிவிடுவோம்.

இந்தத் தையில் உங்கள் குழுவிலும் ஒரு வயலை எடுத்துப் பாருங்கள். நாலில் எத்தனை முளைக்குது என்று எண்ணுங்கள். சோதனைக்காரர் வருவதற்கு முன்னே நமக்குத் தெரிஞ்சிரணும்.