உயரமே காப்பு

பனை உச்சியிலிருந்து விழுந்தவர் பிழைப்பது அரிது; திண்ணையிலிருந்து விழுந்தவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார். ஆகவே, வானில் பறப்பவருக்கும் தரையை ஒட்டிப் பறப்பதே பத்திரம் என்று ஆவூர்ப் பிள்ளைகளாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறு என்பதை அறிவியல் வகுப்பிலே அறிந்தோம்.

பாரா மோட்டாரை எடுத்துக்கொள்வோம். முதுகில் சிறு இயந்திரமும் சுழல்விசிறியும் கட்டிக்கொண்டு, துணிச் சிறகின் கீழே தொங்கியபடி பறப்பதுதான் அது. அச்சிறகுக்கு எலும்பு இல்லை. முன்விளிம்புத் திறப்புகளின் வழியே புகும் காற்றே அதை விறைப்பாக வைத்திருக்கிறது. கரணமடிக்கும்போது கயிறுகள் தளர்ந்தால் சிறகு மடங்கிவிடும். அது மறுபடியும் விரிவதற்கோ, அவசரக் குடையை வீசித் திறப்பதற்கோ சில விநாடிகள் வேண்டும்.

அந்த விநாடிகளைத் தருவது எது? உயரமே! காற்றுத் தடையைச் சேர்க்காமல் கரும்பலகையில் கணக்கிட்டோம். 500 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 10 விநாடி ஆகும். 45 மீட்டரிலிருந்து 3 விநாடிதான். அப்போது அதன் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். மூன்று விநாடியில் என்ன செய்ய முடியும்? அன்றியும், தரையருகே மரங்களிலும் கட்டடங்களிலும் மோதும் காற்று சுழன்று, சிறகைக் குலைக்கும்.

துணிச் சிறகுக்கு மட்டுமல்ல, உறுதியான விமானத்துக்கும் இதுவே விதி. 1980ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் காலை, டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தின் அருகே, பிட்ஸ் எஸ்-2ஏ என்னும் சிறிய விமானத்தில் சஞ்சய் காந்தி தாழ்வான உயரத்தில் கரணமடித்தார். விமானம் கட்டுப்பாட்டை இழந்து தரையில் மோதியது. அவரும் உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் மாண்டனர். அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகனான அவருக்கு வயது 33. பதவியும் செல்வாக்கும் புவியீர்ப்புக்கு முன் நிற்குமா?

அப்படியானால் சாகசமே கூடாதா? கூடும். பாராகிளைடர் வீரர்கள் இவற்றை மிகுந்த உயரத்தில், ஏரி நீரின் மேலே, மீட்புப் படகு காத்திருக்க, ஆசிரியரின் மேற்பார்வையில் பயில்கின்றனர். பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு.

பின் ஏன் சிலர் தாழ வந்து வித்தை காட்டுகின்றனர்? உயரத்தில் அடிக்கும் கரணம் கீழே நிற்பவருக்குச் சிறிதாகத் தெரியும். தலைக்கு மேலே அடித்தால்தான் கூட்டம் ஆரவாரிக்கும். ஆக, அந்த ஆபத்தில் நமக்கும் பங்குண்டு அல்லவா? அவர் விழுந்தால் நம்மேலும் விழக்கூடும்.

ஆதலால் தோழியரே, பெற்றோரே! விழாத் திடலிலோ கடற்கரையிலோ ஒருவர் தரையருகே கரணமடிக்கக் கண்டால் நாம் கைதட்ட வேண்டாம். விலகி நிற்போம், நம் தம்பிமாரையும் விலக்கி நிறுத்துவோம். உயரப் பறந்து பத்திரமாய்த் தரையிறங்கியவருக்கே நம் கரவொலி உரியதாகட்டும்!