ஆறு அங்குல எழுத்து

இரணியல்

அன்புள்ள மருமகனுக்கு,

வயரிங் மாற்றியபோது கழித்துப்போட்ட செம்புக் கம்பியை ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குக் கொண்டுபோனாய்; கடைக்காரர் "அப்பாவைக் கூட்டிட்டு வா மக்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். உன்னைத் திருடனாக நினைத்தாரே என்று கொதித்து எழுதியிருக்கிறாய். அவர் நினைத்தது தன் கடையை. களவுச் சரக்கை வாங்கி மாட்டிக்கொள்வோமோ என்ற அந்தப் பயம் கப்பல் துறையிலிருந்து வந்தது.

பாய்மரக் காலத்தில் துறைமுகங்களில் நங்கூரமும் வடமும் பாய்த்துணியும் செம்புத் தகடும் களவுபோய்க்கொண்டே இருந்தன. பிரித்த கயிற்றையும் உருக்கிய செம்பையும் காட்டி, இது என் கப்பலுடையது என்று யார் நிரூபிப்பது? ஆகவே சட்டம் திருடியவனை விட்டு வாங்குகிறவனைப் பிடித்தது. பிரிட்டனின் 1854 வணிகக் கப்பல் சட்டப்படி, கடல்சாமான் வியாபாரி தன் பெயரையும் தொழிலையும் ஆறு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் கிடங்கிலும் சரக்கு வைக்கும் மற்ற இடங்களிலும் எழுதிவைக்க வேண்டும். எதை, எப்போது, யாரிடம் வாங்கினான் என்று பேரேட்டில் பதிய வேண்டும். பார்த்தால் பதினாறு வயது ஆகாதவர்போல் தெரிகிறவரிடம் வாங்கவே கூடாது. (உன் கதை இங்கே இருக்கிறது.) ஐந்து பாகத்துக்கு, அதாவது முப்பது அடிக்கு மேற்பட்ட வடத்தை அனுமதிச்சீட்டு இல்லாமல் வெட்டவோ பிரிக்கவோ கூடாது. பிரித்துவிட்டால் அடையாளம் போயிற்று அல்லவா! அரச கடற்படை இன்னும் தந்திரமாக, வடத்தைத் திரிக்கும்போதே உள்ளே தனி நிற நூல் ஒன்றை ஓடவிட்டது. ஒரு துண்டு அகப்பட்டாலும் உடைமை யாருடையது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு நியாயமாகவே படுகிறது. நியாயம் தவறிய இடமும் உண்டு. 1871-இல் வந்த குற்றத் தடுப்புச் சட்டம், இங்கிலாந்தின் பழைய உலோக வியாபாரி ஒரே தடவையில் 56 பவுண்டுக்குக் குறைவாகச் செம்பு வாங்கக் கூடாது என்றது. ஏறக்குறைய 25 கிலோ! தெருத்தெருவாகப் பொறுக்குகிறவன் அத்தனை செம்புக்கு எங்கே போவான்? களவைத் தடுக்கிறேன் என்று ஏழையின் பிழைப்பைத் தடுத்தார்கள்.

குளச்சல் துறை பக்கத்திலேயே இருந்தாலும், அன்று நம் ஊர் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்கள் இங்கே நேரடியாகச் செல்லுபடியாகவில்லை. அங்கே 1908 துறைமுகச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, துறைமுகத்தில் தொலைந்த நங்கூரத்தையும் சங்கிலியையும் அனுமதியில்லாமல் துழாவித் தேடுவதற்கே 100 ரூபாய் வரை அபராதம் விதித்தது.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சந்தேகம் போகவில்லை. 1950-இல் வந்த தந்திக் கம்பிச் சட்டத்தில், அரசின் தந்திக் கம்பி என்று கருதத்தக்கது உன் கையில் இருந்தால், நேர்வழியில் வந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டியிருந்தது; 2023-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1985-இல் தமிழ்நாடு, பழைய இரும்பு வியாபாரிகளோடு பழைய பொருள் விற்பவர்களையும் வாகனப் பட்டறைகளையும் டிங்கர் கடைகளையும் சேர்த்து உரிமம் பெறச் சொல்லிச் சட்டம் இயற்றியது.

கடைக்காரர் கேட்டது அதிகமில்லை. கம்பி எங்கிருந்து வந்தது என்று அப்பாவை நேரில் சொல்லச் சொல். எடையையும் விலையையும் எழுதிய துண்டுச்சீட்டை நீ கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா