கோல்ட்ஃப்யூஷன்: என்ஜின் மாறினால் பக்கங்கள் ஓடுமா?

இன்டர்நெட்டில் சில பக்கங்களின் முகவரி .சிஎப்எம் என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். இவை கோல்ட்ஃப்யூஷன் என்ற சர்வர் சாப்ட்வேர் மூலம் உருவாகும் பக்கங்கள்.

1995-ல் அலெய்ர் நிறுவனம் இதை வெளியிட்டது. இதன் கட்டளைகள் எச்டிஎம்எல் டேக்குகளைப் போலவே இருக்கும். டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்க சிஎப்கொயரி. அதைப் பக்கத்தில் காட்ட சிஎப்அவுட்புட். அதனால் புரோகிராமிங் அதிகம் தெரியாதவர்களும் இதை எளிதில் கற்றுக் கொண்டனர்.

2001-ல் அலெய்ரை மேக்ரோமீடியா வாங்கியது. அதே ஆண்டு வந்த 5-ஆம் பதிப்பு வரை இதன் என்ஜின் சி++ மொழியில் இருந்தது. 2002-ல் வந்த கோல்ட்ஃப்யூஷன் எம்எக்ஸ் பதிப்புக்காக என்ஜின் ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டது.

காரணம் என்ன? சி++ புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கம்பைல் செய்ய வேண்டும். ஜாவாவில் அந்தத் தொல்லை குறைவு. ஐபிஎம் வெப்ஸ்பியர் போன்ற ஜாவா சர்வர்களின் மேலும் இதை இயக்கலாம்.

‘இனி ஜாவா படிக்க வேண்டுமா?’ என்பதே வெப் டெவலப்பர்களின் முதல் கேள்வி. தேவையில்லை. அதே டேக்குகளை எழுதினால் போதும். ஒரு பக்கத்தை முதல் முறை கேட்கும்போது, சர்வரே அதை ஜாவா பைட்கோடாக மாற்றிக் கொள்ளும். அதனால் முதல் முறை சற்றுத் தாமதமாகும். அடுத்த முறை வேகமாக வரும்.

ஆனால் பழைய பக்கங்கள் எல்லாம் அப்படியே ஓடிவிடவில்லை. உதாரணமாக, ‘கடை’ என்று ஒரு வேரியபிள், ‘கடை.ஊர்’ என்று இன்னொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பதிப்புக்கு இவை இரண்டு தனிப் பெயர்கள். புதிய பதிப்போ புள்ளியைப் பார்த்ததும், ‘கடை’ என்ற தொகுப்புக்குள் ‘ஊர்’ இருப்பதாகப் புரிந்துகொள்ளும். ‘கடை’ ஏற்கெனவே சாதாரண வேரியபிளாக இருந்தால் எர்ரர்தான். ஆர்டர் வாங்கும் பக்கத்தில் இப்படி நடந்தால் வியாபாரமே நின்றுவிடும்.

எனவே டெவலப்பர்கள் செய்ய வேண்டியவை மூன்று:

1. சைட்டின் நகலை வேறொரு சர்வரில் போட்டுக்கொள்வது.

2. எம்எக்ஸுடன் வந்த ‘கோட் கம்பேட்டிபிலிட்டி அனலைசர்’ மூலம் சிக்கலான வரிகளைத் தேடுவது.

3. பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் தாங்களே இயக்கிப் பார்ப்பது.

மூன்றாவதைத் தவிர்க்கவே கூடாது. எழுத்தைப் படித்துச் சொல்லும் அனலைசருக்கு, இயங்கும்போது வரும் தவறுகள் எல்லாம் தெரியாது.

இது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். எந்த சாப்ட்வேரையும் புதிய பதிப்புக்கு மாற்றும் முன் பைல்களை பேக்கப் எடுங்கள். மாற்றிய பிறகு, முக்கியமான பைல்களைத் திறந்து சரிபார்த்த பின்பே பழையதை நீக்குங்கள்.