மேய்ச்சல் தரையும் அதன் மண்ணும்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகள் தலைமுறை தலைமுறையாய்க் கால்நடைகளுக்குப் புல் கொடுத்து வருகின்றன. மழை குறைந்த அச்சீமையில் இஃது எவ்வாறு கூடுகிறதென்று விசாரித்தால், காரணத்தில் பாதி மண்ணில் இருப்பது விளங்கும்.

அந்நிலம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். சிறுமழையும் அதில் விரைவில் இறங்கி வேரை எட்டும், நீர் தேங்காது. கொழுக்கட்டைப் புல் விரும்புவது இத்தகைய மண்ணையே. கரிசலின் குணம் வேறு. சிறுமழை அதன் மேற்பரப்பை மாத்திரம் நனைத்து ஆவியாய்ப் போகிறது. பெருமழையிலோ மாட்டின் குளம்புபட்டுச் சேறாகிப் பின் இறுகிவிடுகிறது. அம்மண்ணில் ஈரம் சுண்டும்வரை மாடு விடலாகாது. கரிசலுக்கு மார்வல் புல் இருக்க, கொழுக்கட்டை விதையை இறைத்துப் பணத்தை விரயஞ் செய்வானேன்?

ஆயினும் செம்மண்ணில் சத்துக் கையிருப்பு சொற்பம். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. பகலெல்லாம் கொறங்காட்டில் மேயும் மாட்டை இரவில் கட்டுத்தறிக்குக் கொண்டுவந்து, சாணம் முழுவதையும் தோட்டக்காலுக்கு அடிக்கும் குடியானவர், ஒரு நிலத்தின் சத்தை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கிறார். நஷ்டம் சில வருஷங்களுக்குக் கண்ணிற் படாது. பிறகு நற்புல்லின் தூர்கள் விலகி, மாடு தீண்டாத துடைப்பப் புல் இடைவெளிகளில் புகும். கோடையில் ஆட்டுக் கிடை போடுவதும், மழைக்கு முன் முயல் மசால் விதைப்பதும் இதற்குப் பரிகாரங்கள். முயல் மசால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கும்.

சத்துக் குறைவைத் திருத்தலாம். மண் போனால் எளிதில் திரும்பாது. மூன்றடி ஆழமுள்ள கரிசலில் மூன்று அங்குலம் கழுவுண்டால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நஷ்டம். பாறைக்குமேல் ஒன்பதே அங்குலமுள்ள செம்மண்ணில் அதே மூன்று அங்குலம் மூன்றில் ஒரு பங்காகும். மந்தைப் புறம்போக்குகள் பல இவ்விதமே சரளை வெளியாயின. அங்கு நீரும் தங்குவதில்லை, விதையும் தங்குவதில்லை. சீமைக் கருவேல்தான் மண்டுகிறது. தரை தளிர்க்கும் நாட்களில் மாடுகளைத் தடுக்கக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஊராரைச் சம்மதிக்கச் செய்வது, பின்னர் வரப்புப் போடும் செலவைக்காட்டிலும் மலிவு.

ஆகையால் மேய்ச்சலுக்கு நிலம் ஒதுக்குமுன் நாலைந்து இடங்களில் கடப்பாரையால் குழி தோண்டி ஆழம் அளந்து பார்க்கவேண்டும். ஆழங் குறைந்த பாகத்தைத் தனியே வேலியிட்டு, குறைந்த மாடுகளை விட்டு, அடிக்கடி ஓய்வு கொடுக்கவேண்டும். புல் விதைப்பதாயின், புதிதாய் உருவிய கொழுக்கட்டை விதை சரியாய் முளைக்காது. ஆறு மாதத்திற்கு மேல் வைத்திருந்து, ஈரமணலுடன் கலந்து, புரட்டாசி மழையை ஒட்டித் தூவி, முட்கிளையை லேசாய் இழுத்து மூடினாற் போதும். ஆழப் புதைந்தால் வராது.