தங்லாட் போகிறீர்களா?

பாலிக்குத் தென்கிழக்கே உள்ள நூசா பெனிடா தீவுக்குச் சானூரிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரம். வருபவர்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கம் கெலிங்கிங் பாறையில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்கிழக்கு மேட்டில் இருக்கும் நெசவுக் கிராமமான தங்லாடுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

* ஊருக்கு அருகிலுள்ள டெலிடபீஸ் குன்றுகள் மழைக்காலத்தில்தான், அதாவது ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை, பச்சையாக இருக்கும். சுண்ணாம்புக்கல் தீவு; தண்ணீர் நிற்காது. ஆகஸ்டில் போனால் காய்ந்த புல்தான்.

* தங்லாடில் நெய்யும் சிவப்புச் சேபுக் துணி வெறும் அலங்காரத்துக்கு அல்ல, சடங்குகளுக்கும் உரியது. தறியருகே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு விலையை அடித்துப் பேச உங்களுக்கே மனசு வராது.

* சாலைகள் செங்குத்து, வளைவுகள் அதிகம். ஸ்கூட்டரில் பழக்கமில்லாதவர்கள் ஓட்டுநரோடு கார் எடுப்பதே நல்லது. கையில் ரொக்கம் வேண்டும்.

* பெகுயாங்கானில் பாறைச்சரிவை ஒட்டி இறங்கும் நீலப் படிக்கட்டின் அடியில் கோயிலும் ஊற்றும் இருக்கின்றன. சாரோங் கட்டாமல் இறங்கக் கூடாது. இறங்குவது சுலபம்; ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

* வாசலில் வைத்திருக்கும் பூப்படையலை மிதிக்காதீர்கள். நன்றிக்கு 'சுக்ஸ்மா' என்பார்கள். நம் 'சூட்சுமம்' என்ற சொல்லுக்கு உறவுதான்!

* ஞேபி என்ற மௌன நாளன்று படகு, கடை, சாலை எதுவும் இயங்காது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.