பயணப்பைக்குள் ஒரு தொலைநோக்கி

சிங்கப்பூரில் படிக்கும் நான், விடுமுறைக்குக் கேமரன் மலையில் இருக்கும் தாத்தா வீட்டிற்குப் பேருந்தில்தான் செல்வது வழக்கம். "வானம் வானம்னு பேசுறியே, அந்த வியாழனை எனக்கு ஒருநாள் காட்டேன்," என்றார் தாத்தா. கடையில் விற்கும் நீண்ட குழாயை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போக முடியுமா? பைக்குள் அடங்கும் ஒன்றை நானே செய்யத் துணிந்தேன்.

1668-இல் நியூட்டன் செய்த வகைதான் இதுவும். அடியில் உள்ள குழியாடி ஒளியைத் திரட்டும். மேலே 45 பாகையில் சாய்ந்த சிறு சமதள ஆடி அதைப் பக்கவாட்டிலுள்ள கண்வில்லைக்குத் திருப்பும். என் குழியாடியின் விட்டம் 114 மி.மீ., குவியத்தூரம் 450 மி.மீ. இருளில் 7 மி.மீ. விரியும் கண்மணியைவிடச் சுமார் 265 மடங்கு ஒளியை இது சேர்க்கும். 450-ஐக் கண்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும், 10 மி.மீ. வில்லைக்கு 45 மடங்கு.

ஆடி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 900 மி.மீ. குவியத்தூரம் என்றால் கோள வடிவ ஆடியே ஓரளவு போதும். 450-க்குப் பரவளைய ஆடிதான் வேண்டும். இல்லையேல் விளிம்பில் படும் கதிரும் நடுவில் படும் கதிரும் ஒரே இடத்தில் குவியா. மலிவு என்று முதலில் கோள ஆடியை வாங்கிப் பணத்தை வீணாக்கியவன் சொல்கிறேன்.

ஒட்டுப்பலகைப் பெட்டி, மேலே ஒரு வளையம், இரண்டையும் இணைக்க மூன்று அலுமினியக் குழாய்கள். தாங்கி, ஜான் டாப்சன் பரப்பிய எளிய முறையில் அமைந்தது. டெஃப்லான் துண்டுகள்மேல் வழுக்கித் திரும்பும். எல்லாம் கழற்றி அடுக்கினால் முதுகுப்பைக்குள் போய்விடும்.

2024 டிசம்பரில் கொண்டு சென்றேன். மழை விட்ட ஓர் இரவில் வியாழன் தெரிந்தது, வால் முளைத்த புள்ளியாக! "நல்லா இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுத் தாத்தா உள்ளே போய்விட்டார். அந்த 'நல்லா இருக்கு' என்னைத் தூங்கவிடவில்லை.

கழற்றிப் பூட்டும் தொலைநோக்கியில் ஆடிகள் ஒவ்வொரு முறையும் நேர்கோடு தவறும். இதைப் படித்திருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. பிறகு குழியாடியின் நடுவில் சிறு வளையம் ஒட்டினேன். கண்வில்லை இருக்குமிடத்தில் துளையிட்ட மூடியைப் பொருத்தி அதன் வழியே பார்க்க வேண்டும். முதலில் சிறு ஆடியைத் திருகி அந்த வளையத்தைப் பார்வையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, குழியாடியின் பின்னுள்ள மூன்று திருகுகளால் மூடித்துளையின் பிம்பத்தை வளையத்தினுள் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிட வேலை. மலைப்பனி ஆடியில் படியாதிருக்கக் குழாய்களைச் சுற்றிக் கறுப்புத் துணியும் கட்டினேன்.

2025 சீனப் புத்தாண்டு விடுமுறை. நிலவில்லாத இரவு. தாத்தா நாற்காலியில் அமர்ந்து குனிந்து பார்த்தார்.

"பக்கத்துல வரிசையா புள்ளி நிக்குதே?"

"அதெல்லாம் வியாழனோட நிலா, தாத்தா."

விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு எழுந்து, உறங்கிக்கொண்டிருந்த பாட்டியை எழுப்பப் போனார்.